அங்கன்வாடி டீச்சர் ஒடிந்துபோகாமல் இருக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு சாயங்காலம், மையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மூன்று வயதுப் பேரன் மடியில் ஏறி, "பாட்டி, யானைப் பாட்டு பாடு" என்றான். பகல் முழுக்க இருபது பிள்ளைகளுக்கு அதே பாட்டைக் கையை ஆட்டி ஆட்டிப் பாடியவள் நான். அவனுக்குப் பாட ஒரு வரி வரவில்லை. "போடா, அந்தப் பக்கம் போய் விளையாடு" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும்தான் உறைத்தது. 24 வருடம் குழந்தைகளோடு இருந்தவளுக்கு ஒரு குழந்தையின் தொடுதல் பாரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றையும், பக்கத்து மையத்து அக்காக்களிடம் கற்றவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். அங்கன்வாடிக்காரர்களுக்காக எழுதுவது இது. தனியார் பிளே ஸ்கூலிலும் காப்பகத்திலும் வேலை செய்கிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோகா செய்யுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்ற அறிவுரை இங்கே கிடைக்காது. நம் களைப்பில் பெரும்பங்கு வேலை அடுக்கப்பட்டிருக்கும் விதத்திலிருந்து வருகிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது ஆறு சேவைகள் சொன்னார்கள்: ஊட்டச்சத்து உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஆலோசனை, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது. கடைசி மூன்றில் நர்சம்மா கூட வருவார். ஆனால் ஆறுக்கும் வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டி வருவது ஒரே பெண். அதற்கு மேல் செல்போன் பதிவு, கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் வந்து சேர்ந்தன. ஆள் மட்டும் கூடவில்லை. ஆகவே "எனக்குத்தான் திராணி இல்லை" என்று நினைப்பதை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: இது எந்தக் களைப்பு என்று பிரித்துப் பாருங்கள்

உடம்புக் களைப்பு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் தீரும். தீராத களைப்பு வேறு, அதை ஆங்கிலத்தில் "பர்ன்அவுட்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதை ஒரு நோயாகச் சொல்லாமல், வேலையால் வரும் நிலை என்று வரையறுத்தது. சரியாகக் கையாளப்படாமல் நீண்டுபோன வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். நம் மையத்தில் அவை இப்படித்தான் தெரியும்:

சக்தி வற்றிப்போவது. காலையில் சாவியை எடுக்கும்போதே முந்தைய நாள் சாயங்காலம் போல இருக்கும்.

வேலையிலிருந்து மனசு விலகுவது. ஒரு பிள்ளை விழுந்து அழும். தூக்குவீர்கள், துடைப்பீர்கள், ஆனால் உள்ளே ஒன்றும் அசையாது. தாய் ஒருத்தி சந்தேகம் கேட்டால் "இவளுக்கு வேற வேலையே இல்லையா" என்று தோன்றும்.

செய்வதில் பயன் இல்லை என்ற நினைப்பு. "நான் எடை போட்டு, நான் எழுதி, என்ன ஆகப்போகுது" என்பது தினமும் வந்தால் அது இந்த வகை.

இந்த மூன்றில் நான் மிகவும் பயப்படுவது இரண்டாவதைத்தான். முதலாவது நம்மை வாட்டும். இரண்டாவது பிள்ளைகளைத் தொடும். கை ஓங்குகிற அளவுக்கு எரிச்சல் வந்த நாள் ஒன்று இருந்தால், மற்ற எல்லாப் படிகளையும் தாண்டிக் கடைசிப் படிக்குப் போய்ப் படியுங்கள்.

படி 2: இரத்தத்தைப் பாருங்கள்

மனசைப் பற்றிப் பேசும் முன் இது. கர்ப்பிணிகளுக்கு "இரும்புச்சத்து மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்கும் நாம், நம்முடைய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கடைசியாக எப்போது பார்த்தோம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். அந்தக் கணக்கில் நாமும் இருக்கிறோம்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. மூச்சு வாங்குவது, படி ஏறினால் நெஞ்சு படபடப்பது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதிலிருந்தே வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், தைராய்டுக்கும் கேளுங்கள். 45 தாண்டியவர்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மையும் சேரும், அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள். இரும்புச்சத்தை உடம்பு சரியாக ஏற்காது. இதைத் தாய்மார்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்.

எனக்கு வந்த அளவு 9.4. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு களைப்பில் ஒரு பங்கு தானாகவே இறங்கியது. மீதிக்குத்தான் அடுத்த படிகள்.

படி 3: ஒரு வாரம் எழுதுங்கள்

இன்னொரு பதிவேடா என்று கோபம் வரும். இது உங்களுக்கானது, யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு பழைய நோட்டில் ஆறு நாள், மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு குறி: குழந்தைகளோடு இருந்த நேரமா, சமையலா, போனா, வெளிவேலையா?

நான் எழுதியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என்னை வாட்டியது குழந்தைகள் இல்லை. குழந்தைகளோடு இருக்கும்போது போன் அடிப்பதுதான். பாட்டு நடுவில் குரூப்பில் "உடனே அனுப்பவும்" என்று வரும். எழுந்து போய்ப் பதிவேட்டைத் தேடி, எண்ணை அனுப்பிவிட்டு வருவதற்குள் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டிருக்கும். ஒரு நாளில் பதினோரு தடவை இப்படி எழுந்திருந்தேன். உங்கள் நோட்டில் வேறு எதுவோ இருக்கலாம். தண்ணீர் சுமப்பதாக இருக்கலாம், கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் இன்சார்ஜ் மையத்துக்கு நடப்பதாக இருக்கலாம். தெரிந்துகொண்டு அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் பார்த்தால் அதுவே இன்னொரு சுமையாகிவிடும்.

படி 4: போனுக்கு ஒரு நேரம்

2021-இல் போஷன் டிராக்கர் வந்தது, மையத்துப் பதிவுகளைப் போனில் ஏற்றும் அரசு ஆப். 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப்பதிவு கட்டாயம். ஒரு தாய் வாங்க வருவாள்; ஓடிபி போகிற போன் கணவனிடம்; கணவன் திருப்பூரில். அல்லது வெளிச்சம் போதாமல் முகம் ஏறாது. வரிசையில் நிற்பவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள்.

இதில் எனக்குப் பலன் தந்தவை இவை. மாவு கொடுப்பதற்கு மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "ஆதார்ல இணைச்ச போனைக் கையோட எடுத்துட்டு வாங்க." கணவர் வெளியூரில் இருந்தால் அந்த நேரத்தில் போனை எடுக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்கிறேன். பதிவு செய்வது வாசலில், வெளிச்சம் தாயின் முகத்தில் விழுகிற மாதிரி நிற்க வைத்து. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு தடவை முயற்சி, பிறகு திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பேன். அந்தப் படம் நாளைக்கு "ஏன் பதிவாகலை?" என்ற கேள்விக்குப் பதில்.

தினசரிப் பதிவுகளைப் பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் மொத்தமாகப் போடுகிறேன். மற்ற நேரம் போன் அலமாரியில், அழைப்புச் சத்தம் மட்டும் திறந்து. அழைப்பு வந்தால் எடுப்பேன், வாட்ஸ்அப் மணிச்சத்தம் கேட்காது. அடிக்கடி கேட்கிற எண்களை (மொத்தப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், எடை குறைந்தவர்கள்) ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும். அந்த அட்டைதான் என் பதினோரு தடவையை நான்காகக் குறைத்தது.

இரவு எட்டு மணிக்கு மேல் வரும் ரிப்போர்ட்டுக்கு நான் மறுநாள் காலையில்தான் பதில் போடுகிறேன். முதலில் பயமாக இருந்தது. சூப்பர்வைசரிடம் நேரிலேயே சொன்னேன்: "மேடம், பதிவேடு எல்லாம் மையத்துல இருக்கு. காலையில ஒன்பதுக்குள்ள அனுப்பிடறேன்." உண்மைக் காரணம் என்பதால் ஏற்றுக்கொண்டார்.

படி 5: ஆயாம்மாவும் நீங்களும்

ஒரு மையத்தின் களைப்பு பாதி இந்த உறவில்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் பேசாமல் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற டீச்சரையும் ஆயாம்மாவையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே நொந்துபோயிருப்பார்கள்.

காலையில் பிள்ளைகள் வரும் முன் ஐந்து நிமிடம் சேர்ந்து டீ குடியுங்கள். அன்றைய வேலையைப் பேசிக்கொள்ளுங்கள்: யார் வீட்டுக்குப் பிள்ளையை அழைக்கப் போக வேண்டும், முட்டை நாளா, பார்வையிட யாராவது வருகிறார்களா. பிறகு ஒரு ஒப்பந்தம்: ஒருவருக்கு ஒருவர் நாளில் இரண்டு தடவை பத்து நிமிடம் விடுவது. உலையை வைத்துவிட்டு ஆயாம்மா வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தால் நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, கழிப்பறை போய், வாசலில் நின்று வாருங்கள். அதேபோல அவருக்கும். பத்து நிமிடம் என்பது சின்னதாகத் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம் இடைவிடாமல் இருந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

ஆயாம்மா இல்லாத நாளுக்கும், பணியிடமே காலியாக இருக்கும் மையத்துக்கும், குறு மையத்தில் தனியாக இருப்பவர்களுக்கும் ஒரு திட்டம் தேவை. நான் அதை "ஒத்தையாள் நாள்" என்று எழுதி அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டியிருக்கிறேன். விடக் கூடாதவை மூன்று: பிள்ளைகளின் பத்திரம், சாப்பாடு, கழிப்பறைச் சுத்தம். அன்று பாடத்திட்டப்படி எதுவும் நடத்தமாட்டேன்; அடுப்பு எரியும் நேரம் சமையலறைக் கதவைச் சாத்தி, பிள்ளைகளைக் கண்ணில் படும் இடத்தில் கட்டைகளோடும் களிமண்ணோடும் விட்டுவிடுவேன். வீட்டு விசிட் கிடையாது. பதிவேடு மறுநாள். ஊரில் பொறுப்பான ஒரு தாயை முன்கூட்டியே கேட்டு வைத்தால் அடுப்பு நேரத்தில் வந்து உட்காருவார். இப்படி எழுதி வைத்ததில் பெரிய லாபம், அன்றைக்கு விட்டுப்போன வேலைக்காக மனசு உறுத்தாது. முன்பே முடிவு செய்துவிட்டோமே.

படி 6: தொண்டை, இடுப்பு, சிறுநீர்

தொண்டை. கத்திக் கூப்பிடுவதை விட்டு ஒரு மணி வையுங்கள், அல்லது கைதட்டல் வரிசை ஒன்றைப் பழக்குங்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். குரல் கம்மினால் கிசுகிசுப்பாகப் பேசுவதும் தொண்டைக்குக் கஷ்டம்தான், பேசாமல் இருப்பதே மருந்து. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இடுப்பு. வீட்டு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். கொண்டுவருபவரையே அடுப்படியில் வைக்கச் சொல்லுங்கள். அரிசி மூட்டை வந்த அன்றே சின்ன டப்பாக்களில் பிரித்துவிடுங்கள். பிள்ளையைக் குனிந்து தூக்காமல், மண்டியிட்டு உடம்போடு அணைத்துப் பிறகு எழுந்திருங்கள். கை கழுவ வைக்கத் தூக்கிப் பிடிப்பதற்குப் பதில் தொட்டி அருகே ஒரு பலகை போட்டால் அவர்களே ஏறிக்கொள்வார்கள். தரையில் குனிந்து பதிவேடு எழுதுவதை நிறுத்துங்கள், ஒரு முக்காலியும் பலகையும் போதும்.

சிறுநீர். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பெரியவர்களுக்கான கழிப்பறை இல்லாத மையங்கள் இருக்கின்றன. அங்கே நாம் செய்வது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அதனால் வருவது எரிச்சல், கிருமித்தொற்று, தலைவலி, மயக்கம். தற்காலிகமாகப் பக்கத்து வீட்டில் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிரந்தரமாக வேண்டுமானால் கிராம சபையில் மனு கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. நாம் எழுந்து கேட்பதைவிடப் பிள்ளைகளின் தாய்மார் நான்கு பேர் எழுந்து "எங்க டீச்சருக்குப் பாத்ரூம் கட்டிக் கொடுங்க" என்று கேட்டால் தீர்மானத்தில் ஏறும். எங்கள் ஊரில் அப்படித்தான் ஏறியது.

படி 7: மேலே எழுதிக் கேளுங்கள்

காலிப் பணியிடம் இருக்கும் மையத்துக்கு நம்மை இன்சார்ஜ் போடுவார்கள். "ரெண்டு மாசம்தான்" என்பார்கள், இரண்டு வருடம் ஓடும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் அப்படியே. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது படிவத்தோடு தெருத்தெருவாக நடந்தவர்களில் அங்கன்வாடிப் பெண்களும் இருந்தார்கள். இந்த வேலைகளை வாயால் மறுத்தால் வம்பு. எழுத்தில் கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பாகிறது. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய அம்மா, நான் ... மையத்தில் பணிபுரிகிறேன். கடந்த ... மாதம் முதல் ... மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்து வருகிறேன். இரண்டு மையங்களிலும் சேர்த்து ... குழந்தைகள் உள்ளனர். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் இருக்க இயலாததால், குழந்தைகளின் பாதுகாப்பு கருதி, கீழ்க்கண்ட பணிகளில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதன் கீழே படி 3-இல் எழுதிய ஒரு வாரக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான்கைந்து மையத்தார் சேர்ந்து ஒரே மாதிரி கொடுத்தால் இன்னும் நல்லது. சங்கம் இருந்தால் அதன் வழியாகவும்.

சம்பளத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2018-இல் மத்திய அரசு, அங்கன்வாடிப் பணியாளரின் மதிப்பூதியத்தை மாதம் 3,000-லிருந்து 4,500 ரூபாய் ஆக்கியது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம். மாசக் கடைசியில் காய்கறிக்கும் சிலிண்டருக்கும் நம் கைக்காசைப் போட்டுவிட்டு பில் பணத்துக்குக் காத்திருக்கும் கவலையை எந்த மூச்சுப்பயிற்சியும் தீர்க்காது. கைக்காசு போட்டதைத் தேதியோடு எழுதி, மாதாந்திரக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். 2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம், 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டப்படி அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் குஜராத்தின் தாகோத் மாவட்டத்தில் வேலை செய்த நம்மைப் போன்ற பெண்கள். 2024 இடைக்கால பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலும் நம்மைச் சேர்த்தார்கள். இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

படி 8: பிள்ளைகளின் துயரத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள்

எடை ஏறாத பிள்ளை ஒன்று எல்லா மையத்திலும் உண்டு. முட்டையைக் கூடுதலாக ஊட்டுவோம், வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம், அடுத்த மாதம் தராசில் நின்றால் முள் அதே இடத்தில். அன்று இரவு நமக்குத் தூக்கம் வராது.

எனக்கு இப்படி ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஒரு மூத்த அக்கா என்னை உட்கார வைத்து ஒரு தாளில் கோடு போடச் சொன்னார். இந்தப் பக்கம் என் கையில் இருப்பவை: எடை போடுவது, பதிவது, தாயிடம் சொல்வது, நர்சம்மாவிடம் காட்டுவது, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பது. அந்தப் பக்கம்: அப்பாவின் குடி, வாரத்துக்கு ஒரு நாள் வரும் தண்ணீர், அம்மாவின் மில் ஷிப்ட். "இந்தப் பக்கம் எல்லாத்தையும் செஞ்சியா? செஞ்சேன்னா ராத்திரி தூங்கு" என்றார். துயரம் போகவில்லை. குற்ற உணர்ச்சி போனது. அது பெரிய வித்தியாசம்.

பிள்ளைக்கு அடி, தவறான தொடுதல் என்று சந்தேகம் வந்தால் உங்களுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். 1098-க்கு அழையுங்கள், சூப்பர்வைசருக்கும் தெரிவியுங்கள். தாய்க்கு ஆபத்து என்றால் 181. மாதக் கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசும் அரைமணி நேரத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். உங்கள் மையத்து நிலவரம் வீட்டுக்காரர்களுக்குப் புரியாது. அடுத்த மையத்து அக்காவுக்கு ஒரு வார்த்தையில் புரியும்.

சூப்பர்வைசர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பார்வையிட வரும்போது பதிவேட்டைக் கேட்கும் முன், "சாப்பிட்டீங்களா, ஆயாம்மா வந்தாங்களா?" என்று கேளுங்கள். ஒரே தகவலை வாட்ஸ்அப்பிலும் தாளிலும் ஆப்பிலும் மூன்று தடவை கேட்காதீர்கள். உங்களுக்கு மேலே இருந்தும் இதே நெருக்கடி வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

படி 9: ஏற்கெனவே ஒடிந்துவிட்டால்

காலையில் சாவியை எடுக்கும்போது கண்ணீர் வருகிறது, பிள்ளையை அடிக்கக் கை போகிறது, தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறது. இதில் எது இருந்தாலும் மேலே சொன்ன ஒழுங்குகள் போதாது.

கை போன அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது: பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்து, ஆயாம்மாவைக் கூப்பிட்டு, நீங்கள் வாசலுக்கு வந்துவிடுங்கள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, படபடப்பு அடங்கிய பிறகு உள்ளே போங்கள். அன்று சாயங்காலமே யாரிடமாவது சொல்லுங்கள்.

14416 என்ற எண்ணில் டெலிமானஸ் மனநல உதவி எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது. நான் அழைத்தேன். பெயர் கேட்பார்களோ, ஆபீசுக்குத் தெரியுமோ என்று பயந்துதான் அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தது. பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். போனேன். டாக்டர் கொடுத்த சான்றோடு விடுப்பு எழுதினேன்.

விடுப்பில் இருக்கும்போது மையத்து வேலையை வீட்டில் செய்யாதீர்கள்; போனையும் பதிவுகளையும் பொறுப்பு எடுப்பவரிடம் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். திரும்பிய முதல் வாரம் "ஒத்தையாள் நாள்" திட்டத்தை மட்டும் நடத்துங்கள். பதிவேடு பாக்கியை ஒரே நாளில் முடிக்க உட்காராமல், நாளுக்கு ஒன்றாக எடுங்கள்.

பேரனுக்கு இப்போது நான்கு வயது. நான் வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் என்னிடம் வர மாட்டான்; பாட்டி காபி குடித்து, கால் நீட்டி உட்கார்ந்து, "வாடா" என்று கூப்பிட்ட பிறகுதான் வர வேண்டும் என்று அவனுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. வரும்போது யானைப் பாட்டை அவன் பாடுகிறான்; நான் கையை மட்டும் ஆட்டுகிறேன்.